ஜீன் எடிட்டிங் கேட்டுப் போனோம்: நாகர்கோவிலில் ஒரு மரபணு ஆலோசனை கிளினிக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த கிளினிக்கில் ஜீன் எடிட்டிங், அதாவது நோய்க்குக் காரணமான மரபணுப் பிழையையே திருத்துவது, செய்ய மாட்டார்கள். அதை நம்பி யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போவதாக இருந்தால் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் போனோம். இருந்தும் ஐந்துக்கு நான்கு ஸ்டார் கொடுக்கிறேன், அது ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. வெளியூரிலிருந்து ஒரு மேடம் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மட்டும் வந்து உட்காருகிற இடம், அவ்வளவு போதும்.

அக்கா மகளுக்கு ஐந்து வயது. பிறக்கும்போதே வலது காலில் முட்டிக்குக் கீழே தோல் இல்லை, மற்ற இடங்களில் தொட்டால் கொப்புளம். எபிடெர்மோலைசிஸ் புல்லோசா, சுருக்கமாக ஈபி. வெளிநாட்டில் இவர்களைப் பட்டாம்பூச்சிக் குழந்தைகள் என்கிறார்கள், தோல் அந்தச் சிறகு மாதிரி என்பதால். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் எடுபடவில்லை. "பட்டாம்பூச்சி பறக்கும், இவளுக்கு பஸ்ஸுல உட்காரவே முடியல்லியே" என்றாள் அக்கா.

இந்த நோய் உள்ள வீட்டுக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகக் கொஞ்சம். பிள்ளையைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, தோல் கையோடு வந்துவிடும். ஒரு கையை அடியில் கொடுத்து, ஒரு கையை முதுகில் வைத்து, அள்ளித்தான் எடுக்க வேண்டும். சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போடுவோம், தையல் உடம்பில் உரசாமல் இருக்க. புதுக் கொப்புளம் வந்தால் ஸ்டெரைல் ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்துவிட்டு மேல்தோலை அப்படியே விட வேண்டும், வடிக்காமல் விட்டால் பரவிக்கொண்டே போகும். வாய்க்குள்ளும் கொப்புளம் வரும் என்பதால் முறுக்கு, சிப்ஸ் எதுவும் கிடையாது. மட்டிப் பழம் மட்டும் எந்த நாளும் இறங்கும், அதுவும் நன்றாகப் பழுத்துத் தோல் கறுத்தது. சிலிகான் டிரெஸ்ஸிங் வாங்கக் கட்டுப்படியாகாத மாதங்களில் வாழை இலைதான். இளம் இலையை ஆவியில் வைத்து எடுத்து ஆறவிட்டுச் சுற்றினால் புண்ணில் ஒட்டாது, எடுக்கும்போது அவள் அழ மாட்டாள். இதைப் பாட்டி வைத்தியம் என்று நினைக்க வேண்டாம், நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் தீக்காயத்துக்கே பயன்படுத்தியிருக்கிறார்கள். வாழை விளைகிற மாவட்டத்தில் பிறந்ததற்கு அவளுக்குக் கிடைத்த ஒரே சலுகை.

அத்தான் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். மழை பெய்தால் வெட்டு கிடையாது, அன்றைக்கு முழுக்க போன்தான். அப்படி ஒரு மழை நாளில் அமெரிக்காவில் ஜீனைத் திருத்தித் தோல் நோயைக் குணமாக்குகிறார்கள் என்று ஒரு வீடியோ வந்தது. அதன் கீழே இருந்த நம்பருக்கு அத்தான் பேசிவிட்டார். வெளிமாநிலத்தில் ஒரு சென்டர். நான்கரை லட்சம், மூன்று தடவை டிரிப், "ஸ்டெம் செல் பிளஸ் ஜீன் எடிட்டிங் பேக்கேஜ்", இந்த மாதம் கட்டினால் ஐம்பதாயிரம் தள்ளுபடி. தள்ளுபடி என்ற வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அக்கா அதற்குள் நகையை எடை போட்டுப் பார்த்துவிட்டாள். அதற்கு முன்னால் தெரிந்தவர் யாரிடமாவது கேட்போம் என்று தோல் டாக்டர் ஒருவரிடம் போக, அவர் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிய இடம்தான் இது.

டோக்கன் காலை எட்டரைக்கே கொடுத்துவிடுவார்கள், மேடம் வருவது பதினொன்றுக்கு. எங்களை உள்ளே கூப்பிட்டபோது மணி இரண்டேகால். பிளாஸ்டிக் நாற்காலி, ஏசி கிடையாது, ஒரே ஒரு ஃபேன், அதுவும் ரிசப்ஷன் பெண்ணைப் பார்த்தபடி. வெயிலில் வேர்த்தால் இந்தப் பிள்ளைகளுக்குக் கொப்புளம் கூடும், மரபணு கிளினிக் நடத்துகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? வரும் வழியிலேயே ஒரு சம்பவம். தக்கலையில் இறங்கும்போது நல்ல மனசுள்ள ஒரு கண்டக்டர் அண்ணன் உதவி செய்வதாக நினைத்துப் பிள்ளையைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. காத்திருந்த நேரம் முழுக்க அக்கா அவள் கையின் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு இடத்தில் பொங்கிவிட்டது.

காத்திருந்ததில் ஒரு லாபம், பக்கத்து நாற்காலிக்காரர்கள். தூத்தூர் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் பதினைந்து வயதுப் பையனும். பையன் ஃபுட்பால் ஆடுகிறவன், உள்ளங்காலில் மட்டும் கொப்புளம், கோடையில் ரொம்ப மோசம். அப்பாவுக்கும் சின்ன வயதிலிருந்தே அதே. அதுவும் ஈபிதான், சிம்ப்ளெக்ஸ் என்ற வகை, ஆனால் கணக்கு வேறு என்று பிறகுதான் புரிந்தது.

சரி, மேடம். இந்த ரிவ்யூவில் நான்கு ஸ்டாரும் அவருக்குத்தான். ஐம்பது நிமிடம் பேசினார். ஃபீஸ் எழுநூறு. முதல் கேள்வியே எங்கள் அத்தை, அதாவது அக்காவின் மாமியார், கேட்டார்: "யாரு பக்கத்துக் குறைன்னு சொல்லுங்க மேடம், எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்ல." அக்கா கல்யாணம் செய்தது அத்தை மகனை. மேடம் பதில் சொல்லாமல் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று வரைய ஆரம்பித்தார். மேலே எங்கள் தாத்தாவும் பாட்டியும், அவர்களுக்குக் கீழே அப்பாவும் அத்தையும், அப்பாவுக்குக் கீழே அக்கா, அத்தைக்குக் கீழே அத்தான், கடைசியில் பிள்ளை. அப்பா, அத்தை, அக்கா, அத்தான் நான்கு பேருக்கும் பாதி கறுப்பு அடித்தார், பிள்ளைக்கு மட்டும் முழுக் கறுப்பு. ஒவ்வொருவருக்கும் ஜீன் இரண்டு பிரதி, பாதி கறுப்பு என்றால் ஒன்றில் மட்டும் பிழை, நோய் வராது, முழுக் கறுப்பு என்றால் இரண்டிலும் பிழை. தாத்தா வைத்திருந்ததா பாட்டி வைத்திருந்ததா என்று சொல்லவில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டார். "ஒரே பிழை ரெண்டு வழியா இறங்கி வந்து இவகிட்ட சேர்ந்திருக்கணும் அம்மா. ரத்தப் பரிசோதனைல உறுதியாகிரும்" என்றார். அத்தை அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். ஐந்து வருடமாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சண்டை அங்கே முடிந்தது. எழுநூறு ரூபாய்க்கு இது மட்டும் கிடைத்திருந்தாலே எனக்குப் போதும்.

அப்புறம் எடிட்டிங் விஷயம். அக்கா வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள் என்று தெரிந்ததும் மேடம் அதிலேயே சொல்லிவிட்டார். மேல்தோல் வெளித்துணி, உள்தோல் லைனிங், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற நூல்தான் ஏழாம் வகைக் கொலாஜன். அந்த நூலைத் தயாரிக்கச் சொல்லும் ஜீனுக்குப் பெயர் சிஓஎல்7ஏ1. அதில் பிழை இருந்தால் நூல் வராது, லேசாக உரசினாலே துணி வழுக்கி நடுவில் நீர் கோத்துக்கொள்ளும், அதுதான் கொப்புளம். உணவுக்குழாய் வரைக்கும் இதே தையல்தான் என்பதால் விழுங்கவும் கஷ்டம்.

இதைச் சரி செய்ய இரண்டு வழி. ஒன்று, பிழையுள்ள ஜீனை அப்படியே விட்டுவிட்டு நல்ல பிரதி ஒன்றை உள்ளே சேர்ப்பது. இன்னொன்று, ஜீன் என்பது வரிசையாக எழுதிய எழுத்துகள் மாதிரி, அதில் பிழை இருக்கும் எழுத்தையே தேடிப் போய்த் திருத்துவது, அதுதான் எடிட்டிங். வீடியோக்காரர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் வியாபாரம் செய்கிறார்கள். இன்றைக்கு ஈபிக்கு அனுமதியோடு வந்திருக்கும் ஜீன் சிகிச்சைகள் எல்லாமே முதல் வகை. வைஜுவெக் என்ற ஜெல் 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. இந்த ஜீனின் வேலை செய்யும் பகுதி மட்டுமே ஏறக்குறைய 9,000 எழுத்து. ஜீனைச் சுமக்க வழக்கமாக எடுக்கும் சின்ன வைரஸில் 4,700 எழுத்துக்கு மேல் ஏறாது, மினி பஸ்ஸில் கல்யாணக் கூட்டத்தை ஏற்றுகிற கதை. அதனால் உதட்டில் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் வைரஸைச் சாதுவாக்கி, அதில் ஜீனை ஏற்றி, வாரம் ஒருமுறை புண்ணின் மேல் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். 31 பேரிடம் நடந்த பரிசோதனையில் ஆறு மாதத்தில் மருந்து வைத்த புண்களில் 67 சதவீதம் முழுசாக மூடின, வெறும் ஜெல் வைத்ததில் 22. அந்த ஜீன் நம் மரபணுவோடு ஒட்டுவதில்லை, செல் உதிர்ந்தால் அதோடு போய்விடும், எனவே திரும்பத் திரும்ப வைக்க வேண்டும். ஒரு குப்பி 24,250 டாலர். அத்தான் போனில் கணக்குப் போட்டார், இருபது லட்சத்துக்கு மேல் வந்தது, போனை மூடி பாக்கெட்டில் வைத்துவிட்டார்.

இதே முதல் வழியில் இன்னொன்று ஜெர்மனியில், 2015 இல். சிரியாவிலிருந்து அகதியாகப் போன ஏழு வயதுப் பையன், ஈபியின் வேறொரு வகை, உடம்பில் முக்கால்வாசித் தோல் போய் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தான். அவனிடமே கொஞ்சம் தோல் எடுத்து, இத்தாலியில் நல்ல ஜீனைச் சேர்த்து, பாய் பாயாக வளர்த்து உடம்பில் 80 சதவீதத்துக்கு ஒட்டினார்கள். அவன் திரும்பப் பள்ளிக்கூடம் போனான். அதே பாணியில் எங்கள் பிள்ளையின் வகைக்கு செவாஸ்கின் என்ற தோல் பாய் 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் வந்திருக்கிறது. விலை 31 லட்சம் டாலர். இதை அத்தான் கணக்குப் போடவில்லை.

எடிட்டிங் என்றால் கிறிஸ்பர், ஜீனைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டித் திருத்தும் கருவி, 2020 இல் இரண்டு பெண் விஞ்ஞானிகளுக்கு நோபல் வாங்கிக் கொடுத்தது. அதில் வந்த முதல் மருந்து 2023 கடைசியில் அரிவாள் செல் நோய்க்கும் தலசீமியாவுக்கும். ரத்தத்தில் அது நடந்ததற்குக் காரணம், புது ரத்தத்தை உருவாக்கும் மூலச் செல்லை, அதாவது ரத்த ஸ்டெம் செல்லை, வெளியே எடுத்து, திருத்தி, திரும்ப உள்ளே விடலாம். 2025 இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு குழந்தைக்கு அந்தக் குழந்தையின் ஒரே எழுத்துப் பிழைக்காகவே மருந்து தயாரித்தார்கள், ஆறே மாதத்தில். ஆனால் அது கல்லீரல் நோய். மருந்தை ஏற்றிய கொழுப்புத் துகள்கள் ரத்தத்தில் விட்டால் தானாகவே கல்லீரலுக்குத்தான் போய்ச் சேரும். தோலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கண்ணுக்கு முன்னால், கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதே, இதுதானே லேசு என்று நானும் கேட்டேன். மேடம் சிரித்தார். எதையும் உள்ளே விடாமல் இருப்பதுதானே தோலின் வேலை, மருந்துக்கு மட்டும் கதவு திறக்குமா என்றார். மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதுசாகிவிடும், எனவே மேலே இருக்கும் செல்லைத் திருத்தி லாபமில்லை, அடியில் இருக்கும் ஸ்டெம் செல்லுக்குப் போக வேண்டும். தப்பான இடத்தில் வெட்டிவிட்டால்? இந்த நோயில் ஆறாத புண்ணில் தோல் கேன்சர் வருவது ஏற்கெனவே உள்ள ஆபத்து, அதில் இன்னொரு ஆபத்தைச் சேர்க்க யாரும் துணிய மாட்டார்கள். அதனால் இதெல்லாம் இன்னும் ஆய்வகத்தில். ஸ்பெயினில் அங்குள்ள நோயாளிகளிடம் அதிகம் காணும் ஒரு பிழை இருக்கும் துண்டை மட்டும் வெட்டி எடுத்தாலும் மீதி ஜீன் வேலை செய்கிறது என்று செல்களில் காட்டியிருக்கிறார்கள். வெட்டாமல் ஒரு எழுத்தை மட்டும் அழித்து எழுதுகிற முறையையும் இந்த நோய்க்காரர்களின் செல்லில் செய்து பார்த்திருக்கிறார்கள். தோல் நோய்க்கு என்று அனுமதி வாங்கிய எடிட்டிங் மருந்து இதை எழுதும் வரை எங்கேயும் இல்லை.

அந்த ஃபுட்பால் பையனின் கணக்கு வேறு என்றேனே. அவனுக்கு ஒரு பிரதி நன்றாகத்தான் இருக்கும், இன்னொரு கெட்ட பிரதி கூட நின்று கெடுக்கிறது. நல்லதை இன்னும் ஒன்று சேர்த்தாலும் கெட்டது கெடுத்துக்கொண்டுதான் இருக்கும், அவனுக்குக் கெட்டதைத் திருத்துவது அல்லது வேலை செய்யாமல் நிறுத்துவதுதான் வழி. எடிட்டிங் எங்களைவிட அவனுக்குத்தான் அதிகம் தேவை, நோய் என்னவோ அவனுக்கு லேசு.

ஒரு விஷயம் அக்காவே கேட்டாள். பிள்ளையின் இடது கை மேல்பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு இதுவரை ஒரு கொப்புளம் கூட வந்ததில்லை, ஐந்து வருடத்தில் ஒன்றுகூட. டிரெஸ்ஸிங் சுற்றும்போது நாங்கள் பிடிக்கிற இடமே அதுதான். மேடம் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து, தொடாமல், டார்ச் அடித்துப் பார்த்தார். ஈபி உள்ள சிலருக்கு ஒரு இடத்துச் செல்லில் பிழை தானாகவே சரியாகி அந்த இடம் மட்டும் நல்ல தோலாக வளர்வது உண்டாம், மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்களாம். இது அதுதானா என்று சொல்ல அங்கே தோல் வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டும். "இருக்கிற ஒரு நல்ல இடத்துல போய் கத்தி வைக்கணுமா?" என்று அவரே கேட்டுவிட்டு விட்டுவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது அக்கா அந்த இடத்தைத் தடவிக்கொண்டே வந்தாள்.

கடைசியில் அந்த நான்கரை லட்சத்தைச் சொன்னோம். மேடம் திட்டவில்லை. மூன்று விஷயம் எழுதித் தந்தார். இந்தியாவில் எந்தப் பரிசோதனை சிகிச்சையும் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், 2009 முதல் கட்டாயம், அந்த எண்ணைக் கேளுங்கள். பரிசோதனை என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. பிள்ளையின் ஜீனில் எந்த எழுத்து என்று ரிப்போர்ட் கேட்காமலே திருத்துகிறேன் என்பவர் எதைத் திருத்துவார்? மறுநாள் நானே அந்த சென்டருக்குப் போன் போட்டு எண்ணைக் கேட்டேன். "சார், லைன் கிளியரா இல்ல" என்றார்கள். அப்புறம் லைன் கிளியராகவே இல்லை. வேலூர் சிஎம்சியில் ஹீமோஃபீலியா என்ற ரத்தம் உறையாத நோய் உள்ள ஐந்து பேருக்கு ஜீன் தெரபி செய்து 2024 இல் வெளியிட்டிருக்கிறார்கள், அதுதான் முறையாக நடக்கிற பரிசோதனை, அங்கே தள்ளுபடி சீசன் கிடையாது.

இனி ஒரு ஸ்டாரை எடுத்தது எதற்கு என்று. லேப். டெஸ்ட் கிட்டில் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுக்கச் சொல்லியிருந்தது, வாயெல்லாம் புண்ணாக இருக்கும் பிள்ளைக்கு. மேடம் பார்த்து ரத்தம் எடுக்கச் சொன்னார், நல்லது. ஆனால் ரத்தம் எடுத்த தம்பி வெறும் கையில் ரப்பர் கட்டினார் (சட்டைக்கு மேலே கட்ட வேண்டும்), ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்த்தார் (ஒற்ற வேண்டும்), கடைசியில் ஒட்டுகிற பிளாஸ்டரையும் ஒட்டிவிட்டார். அக்கா "தம்பி, ஒட்டாதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒட்டியாகிவிட்டது. பதறிப்போய் அவரே பிய்க்கப் போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன். பக்கத்துக் கடையில் தேங்காய் எண்ணெய் வாங்கி, சொட்டுச் சொட்டாக ஊறவிட்டு, அரை மணி நேரத்தில் எடுத்தோம். அப்படியும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வந்துவிட்டது. மேனேஜரிடம் சொன்னேன், "நோட் பண்ணிக்கிறோம் சார்" என்றார், பேனா கையில் இல்லை.

ரிப்போர்ட் ஐந்து வாரம் என்றார்கள், ஒன்பது வாரம் ஆனது. பிள்ளைக்கு 19,500, அக்கா, அத்தான், நான் ஆளுக்கு 3,500. பதினொரு பக்க இங்கிலீஷ். ஆனால் மேடம் தன் கையெழுத்தில் ஒரு பக்கம் தமிழில் எழுதி மேலே பின் அடித்துக் கொடுத்திருந்தார்: இரண்டு பிரதியிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்து மாறியிருக்கிறது, அதனால் நடுவிலேயே முற்றுப்புள்ளி விழுந்து நூல் பாதியில் நிற்கிறது. அடுத்த பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு, வேண்டுமானால் கர்ப்பத்தின் மூன்றாம் மாதவாக்கில் பார்த்துச் சொல்ல முடியும். இந்த மாதிரி ஒற்றை எழுத்துப் பிழை எடிட்டிங்காரர்கள் எடுத்துக்கொள்ளப் பார்க்கிற வகை, எப்போதாவது முறையான பரிசோதனை ஒன்று வந்தால் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான், பத்திரமாக வையுங்கள். அக்கா அதை லேமினேஷன் செய்து ரேஷன் கார்டு இருக்கும் கவரில் வைத்திருக்கிறாள்.

என் ரிப்போர்ட்டில் பாதி கறுப்பு. கேரியர். எனக்கு ஒரு தொந்தரவும் வராது, ஆனால் வீட்டில் எனக்குப் பேசிக்கொண்டிருந்தது அத்தையின் சின்ன மகளை. அவளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரியவர்கள் இதை எப்படி அவளிடம் சொல்வது என்று ஒரு வாரம் கூடிக் கூடிப் பேசினார்கள். அவளே போன் பண்ணி, "அத்தான், எந்த சனிக்கிழமைன்னு மட்டும் சொல்லுங்க, நான் ரத்தம் குடுத்துட்டு வாறேன்" என்றாள். கொடுத்துவிட்டும் வந்தாள், பிளாஸ்டர் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னாளாம், பழக்க தோஷம்.

வருகிற சனிக்கிழமை அவள் ரிப்போர்ட் வாங்கப் போகிறோம். டோக்கன் போனில் சொல்லியாகிவிட்டது, ஒன்பதாம் நம்பர், எப்படியும் இரண்டு மணிக்குத்தான் கூப்பிடுவார்கள். போகிறவர்கள் கவனிக்க: சனிக்கிழமை லிஃப்ட் ஓடாது, இரண்டாவது மாடி. ஒரு கை விசிறி எடுத்துக்கொள்ளுங்கள், தேங்காய் எண்ணெய் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்.